இடது கணுக்கால்

பதினோரு பருவங்கள்
அவன் இடது கணுக்காலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன்.
முகத்தைவிட அது எனக்கு நன்றாகத் தெரியும்.
வெளிப்புற எலும்புக்குக் கீழே
கோதுமை மணியளவு ஒரு மேடு.
க்ளைபெடாவில் எவனோ ஒருவனின் பாதத்தின் மேல்
இறங்கிய இரவில் வந்தது.
அன்று பதினேழு புள்ளிகள்.
அவற்றில் ஒன்பது, வீங்கிய பிறகு.

வைதோதஸ். எண் பதினான்கு.
பனெவேஜிஸில் தொடங்கினான்,
பிறகு போலந்து, பிறகு ஒன்றரை வருடம் துருக்கி
(அரை வருடச் சம்பளம் இன்னும் வந்தபாடில்லை),
மறுபடியும் பனெவேஜிஸ், மறுபடியும் என் மேசை.
தேசிய அணியின் பதினாறு பேர் பட்டியலில்
இருமுறை இருந்தான்.
பன்னிரண்டு பேர் பட்டியலில்
ஒருமுறையும் இல்லை.

அவன் வேலை குறுக்கே நிற்பது.
கெத்விலாஸ் வளைந்து ஓடிவருவான்,
துரத்துகிறவன் இவன் மார்பில் மோதுவான்,
அந்த ஒரு நொடியில்
கெத்விலாஸ் எறிவான். கூடை.
அரங்கம் முழுக்கக் கெத்விலாஸின் பெயர்.
மோதல் எனக்கு மட்டும் தெரியும்,
மறுநாள் காலை,
விலாவில் நீலமாக.

முப்பத்தைந்து வயதில்
ஓய்வு பெற்றான் என்று எழுதியது நாளிதழ்.
பெற்றது:
கண்ணாடிச் சட்டத்துக்குள் அவனுடைய பனியனே,
ஒரு பெரிய பாலாடைக்கட்டி,
நகரத் தலைவரின் ஈரக் கைகுலுக்கல்.

இரண்டு வருடம் துணைப் பயிற்றுநர்.
இருட்டறையில் உட்கார்ந்து
எதிரணிகளின் காணொளிகளை வெட்டி ஒட்டினான்.
டிசம்பரில், ஏழாவது தொடர் தோல்விக்குப் பின்,
பழையவரின் காபி ஆறுவதற்குள்
தலைமைப் பயிற்றுநர் ஆக்கிவிட்டார்கள்.
அவன் உயரத்துக்குக் கோட்டு ஊரில் கிடைக்கவில்லை.
மணிக்கட்டு இரண்டும் வெளியே தெரியத்
தொடங்கியது புது உத்தியோகம்.

எல்லைக்கோட்டைத் தாண்டுகிறான் என்று
நடுவர்கள் ஓயாமல் எச்சரித்தார்கள்.
நான் கவனித்தேன்:
தாண்டுவது எப்போதும் இடது கால்.

பிப்ரவரியில் டெட்ராய்டிலிருந்து ஒரு பையன் வந்தான்.
இருபத்திரண்டு வயது, ஒரே ஒரு குளிர்கோட்டு,
எம்பினால் காற்றில் கொஞ்சம் தங்கிவிட்டு வருகிறவன்.
பன்னிரண்டு பேர்தான் ஆடலாம்.
நான்கு மணிக்குக் கதவில் பட்டியல் ஒட்டப்பட்டது.
படித்தேன். எண்ணினேன். மறுபடி படித்தேன்.

ஐந்து மணிக்கு வழக்கம்போல்
கெத்விலாஸ் வந்தான்,
பின்வாசல் வழியாக, பட்டியலைப் பார்க்காமல்,
முழங்காலை மேசைமேல் நீட்டினான்.
மகளின் பல் விழுந்த கதையைச் சொன்னான்.
வைதோதஸ்தான் அந்தப் பெண்ணுக்கு ஞானத்தந்தை.
நான் ஒன்றும் சொல்லாமல் கட்டினேன்,
என்றைக்கும் விட ஒரு சுற்று அதிகமாக.

கதவு திறந்தது.
கோட்டு. மணிக்கட்டுகள்.
வாயைத் திறக்குமுன்பே
கெத்விலாஸுக்குப் புரிந்துவிட்டது.
முழங்காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்
(அந்தப் பார்வையை நான் இன்னும் சுமக்கிறேன்),
பிறகு அவனிடம்,
“இத்தனை வருடம்
என்னைத் துரத்தியவர்களுக்குக் குறுக்கே நின்றாய்.
இன்று எனக்கு.
நன்றாகத்தான் நிற்கிறாய், அசையாமல்.”

கத்தரிக்கோலை அவனே எடுத்துக் கட்டை அறுத்தான்.
ஒன்பதாவது வரிசையில் போய் உட்கார்ந்து
பூண்டு தடவி வறுத்த கறுப்பு ரொட்டி வாங்கித் தின்றான்,
ஆட்டம் முடியும்வரை.

வைதோதஸ் போகவில்லை.
மேசையில் உட்கார்ந்து
காலணியைக் கழற்றி
இடது காலை என் மடியில் வைத்தான்.
வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை.
குதிகாலில் தொடங்கி எட்டு எழுதினேன்,
மறுபடி எட்டு.
என் விரல்களுக்கு யோசனை தேவைப்படவில்லை.

கட்டோடு அந்தத் தோல் காலணிக்குள்
கால் நுழைய மறுத்தது.
கயிறு கட்டாமல், குதிகாலை மிதித்துக்கொண்டு,
நாற்பது நிமிடமும் எல்லைக்கோட்டில்
நொண்டி நொண்டி நடந்தான்.
அந்தப் பையன் இருபத்தாறு புள்ளிகள் எடுத்தான்.
இரண்டு புள்ளிகளில் ஜெயித்தோம்.

“காலில் காயமா?” என்றார் ஒரு நிருபர்.
“பழையது,” என்றான்.

கட்டைப் பிரிக்க என்னிடம் வரவில்லை.
வீட்டில் ஒரே இழுப்பில் பிய்த்திருப்பான்,
முடியோடு, கொஞ்சம் தோலோடு.
எப்போதும் அப்படித்தான்,
எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்,
முதலில் வெந்நீரில் நனை என்று.